மருத்துவ மீளாய்வுக் கட்டுரை அனுப்பும் முன்: யார் பெயர் போடுவது, எதையெல்லாம் சொல்லியாக வேண்டும்

மீளாய்வுக் கட்டுரை என்றால், ஒரு தலைப்பில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் திரட்டி எடைபோட்டுச் சொல்லும் கட்டுரை. அதை முடித்து, மேற்கோள்களைச் சரிபார்த்து, ஜர்னலின் இணையதளத்தில் ஏற்ற உட்காருவோம். நாலைந்து பக்கம் தாண்டியதும் ஒரு கட்டம் வரும்: ஒவ்வொரு கட்டுரையாளரின் நலன் வெளிப்பாட்டுப் படிவத்தையும் இணைக்கவும். யாரிடமிருந்து பணமோ சலுகையோ பெற்றோம் என்று அவரவர் சொல்லும் படிவம் அது. ஐந்து பேரில் இரண்டு பேர் அந்தப் படிவத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். இன்னொருவர் மாநாட்டுக்குப் போக விமானத்தில் இருப்பார். அந்த டிக்கெட்டை யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்பதும் படிவத்தில் எழுத வேண்டிய விஷயம்தான் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இந்தக் கடைசி நேர ஓட்டத்தைப் பல முறை ஓடியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த வேலையில் பெரும்பகுதியைக் கட்டுரை எழுத ஆரம்பிக்கும் முன்பே முடித்துவிடலாம். அதைத்தான் கீழே வரிசையாகச் சொல்லியிருக்கிறேன்.

மீளாய்வுக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி

அசல் ஆய்வுக் கட்டுரையில் தரவு இருக்கும். நம்பாதவர் அட்டவணையைக் கூட்டிக் கழித்துப் பார்க்கலாம். மீளாய்வில் எந்த ஆய்வைச் சேர்ப்பது, எதை விடுவது, எதற்கு ஒரு பத்தி, எதற்கு அரை வரி என்பதெல்லாம் எழுதுபவர் கையில் இருக்கிறது. வாசகர் நம்புவது எழுதியவரின் தீர்ப்பை. அதனால் எழுதியவர் யார், அவருக்கு யாரோடு கொடுக்கல் வாங்கல் என்பது கட்டுரையின் உள்ளடக்கத்தில் பாதி.

1998இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் பார்ன்ஸ், பெரோ என்ற இருவர் ஒரு வேலை செய்தார்கள். பிறர் விடும் புகையால் உடல்நலம் கெடுமா என்பது பற்றிய 106 மீளாய்வுக் கட்டுரைகளை எடுத்துப் படித்தார்கள். 39 கட்டுரைகள் 'கெடாது' என்று முடித்திருந்தன. அந்த 39இல் 29, புகையிலைத் தொழிலோடு தொடர்புள்ளவர்கள் எழுதியவை. கட்டுரையின் தரம், தலைப்பு, வெளிவந்த ஆண்டு, சக ஆய்வாளர் பரிசீலனை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துப் பார்த்தும், முடிவோடு ஒட்டி வந்தது அந்தத் தொடர்பு ஒன்றுதான்.

இன்னொன்று ரோஃபெகாக்சிப் மருந்தின் கதை. 2004இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்ட வலி மருந்து அது. வழக்குகளில் வெளிவந்த ஆவணங்களை வைத்து 2008இல் ஜாமாவில் ஓர் ஆய்வு வந்தது. பல மீளாய்வுகளை முகம் தெரியாத யாரோ எழுதி, பிறகு பேராசிரியர்களின் பெயரைப் போட்டிருந்தார்கள். அந்த மருந்தின் சோதனைக் கட்டுரைகள் 24இல் 22, அதைத் தயாரித்த மெர்க் நிறுவனம் பணம் கொடுத்ததைச் சொல்லியிருந்தன. மீளாய்வுகளிலோ 72இல் 36 மட்டுமே நிறுவனத்தின் ஆதரவையோ கட்டுரையாளர் பணம் பெற்றதையோ சொல்லியிருந்தன. சரிபாதி. எடிட்டர்கள் இன்று நம்மைக் குடைவதற்குப் பின்னால் இப்படிப்பட்ட வரலாறு இருக்கிறது.

படி 1: நீங்கள் எழுதலாமா என்று முதலில் பாருங்கள்

ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு விதி, மீளாய்வுக்கு இன்னொரு விதி என்று வைத்திருக்கும் ஜர்னல்கள் உண்டு. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் 1990இல், பேசப்படும் மருந்தின் நிறுவனத்தோடு பண உறவு உள்ளவர்கள் மீளாய்வும் தலையங்கமும் எழுதவே கூடாது என்றது. ஆள் கிடைக்காமல் திணறி, 2002இல் 'கணிசமான' பண உறவு கூடாது என்று தளர்த்தியது. மருத்துவ மீளாய்வுகளை வெளியிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் இன்னும் இறுக்கியது: முதல் கட்டுரையாளரும் கடைசிக் கட்டுரையாளரும் நலன் முரண் (தீர்ப்பைச் சாய்க்கக்கூடிய பண உறவு போன்றவை) இல்லாதவர்களாக இருக்க வேண்டும், குழுவில் மூன்றில் இரண்டு பங்குப் பேரும் அப்படியே.

ஆகவே இலக்கு ஜர்னலின் கட்டுரையாளர் வழிமுறைப் பக்கத்தைத் திறந்து, மீளாய்வு என்ற தலைப்பின் கீழ் என்ன இருக்கிறது என்று படியுங்கள். அழைத்தால்தான் எழுத முடியுமா, முன்கூட்டி ஒரு மெயில் போட்டுக் கேட்க வேண்டுமா, நலன் முரண் உள்ளவர்களுக்குத் தடை உண்டா? சந்தேகம் இருந்தால் எடிட்டருக்கு நாலு வரி எழுதிக் கேளுங்கள். ஆறு மாதம் உழைத்த பிறகு 'உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது' என்ற பதில் வந்தால் தாங்காது.

முறையான மீளாய்வு (முன்பே வகுத்த திட்டப்படி ஆய்வுகளைத் தேடித் தேர்ந்து எடைபோடும் மீளாய்வு) என்றால் இன்னொரு வேலையும் இப்போதே இருக்கிறது. இத்தகைய மீளாய்வுகளின் திட்டங்களை முன்கூட்டிப் பதியும் பிராஸ்பெரோ பதிவேட்டில் பதியும்போதே குழுவில் யார், பணம் யாருடையது, நலன் முரண் என்ன என்று கேட்பார்கள். அங்கே எழுதியதும் பின்னால் கட்டுரையில் எழுதுவதும் பொருந்த வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் பரிசீலகர்கள் இருக்கிறார்கள்.

படி 2: பெயர்ப் பட்டியல்

நேரத்தை அதிகம் தின்னும் படி இதுதான். மன வருத்தமும் இங்கேதான் அதிகம்.

மருத்துவ இதழ் எடிட்டர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ, 1978இல் வான்கூவரில் கூடிய சில எடிட்டர்களிடமிருந்து வளர்ந்தது. அதன் விதிகளைத்தான் பெரும்பாலான மருத்துவ ஜர்னல்கள் பின்பற்றுகின்றன. கட்டுரையாளர் என்று பெயர் போட நான்கு நிபந்தனைகள். ஒன்று, கருத்துருவாக்கத்திலோ வடிவமைப்பிலோ, தரவைச் சேகரிப்பதிலோ அலசுவதிலோ கணிசமான பங்கு. இரண்டு, வரைவை எழுதியிருக்க வேண்டும், அல்லது உள்ளடக்கத்தை மாற்றும் அளவுக்குத் திருத்தியிருக்க வேண்டும். மூன்று, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல். நான்கு, கட்டுரையின் எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி வந்தாலும் அது தீரும்வரை பொறுப்பேற்கச் சம்மதம். கடைசி நிபந்தனை 2013இல் சேர்ந்தது. நான்கும் வேண்டும், மூன்றரை போதாது.

மீளாய்வில் நோயாளியும் இல்லை, ஆய்வகமும் இல்லை. அப்படியானால் முதல் நிபந்தனையின் 'கணிசமான பங்கு' எது? தேடல் உத்தியை வகுத்தது, தலைப்புகளையும் சுருக்கங்களையும் சல்லடை போட்டது, ஆய்வுகளிலிருந்து எண்களை எடுத்தது, அவற்றின் தரத்தை எடைபோட்டது, கட்டுரையின் வாதத்தைக் கட்டியது. பத்து முழுக் கட்டுரைகளின் பிடிஎஃப் இறக்கித் தந்ததோ, மேற்கோள் பட்டியலை ஜர்னல் பாணிக்கு மாற்றியதோ அதில் வராது. அதற்கு நன்றிப் பகுதி இருக்கிறது. நிதி வாங்கித் தந்தது மட்டும், ஆய்வுக் குழுவைப் பொதுவாக மேற்பார்த்தது மட்டும் கட்டுரையாளர் ஆக்காது என்று ஐசிஎம்ஜேஇ வெளிப்படையாகவே சொல்கிறது.

மரியாதைக்காகப் பெயர் சேர்க்கும் பழக்கம் மீளாய்வுகளில்தான் கூடுதல். 1996இல் வெளிவந்த 809 கட்டுரைகளை ஆராய்ந்த ஒரு கணக்கெடுப்பில் 19 சதவீதத்தில் இப்படிக் கௌரவப் பெயர் இருந்தது. ஆய்வுக் கட்டுரையோடு ஒப்பிட்டால் மீளாய்வில் அதற்கான வாய்ப்பு விகிதம் (odds ratio) 1.8; 1க்கு மேல் என்றால் மீளாய்வில் கூடுதல் என்று பொருள். காரணம் ஊகிக்கக்கூடியதுதான். மீளாய்வுக்கு அழைப்பு வருவது பெரியவருக்கு, உட்கார்ந்து எழுதுவது இளையவர்.

அந்தப் பெரியவரிடம் எப்படிப் பேசுவது? 'சார், உங்கள் பெயர் வராது' என்று ஆரம்பித்தால் அங்கேயே முடிந்தது. நான் பார்த்தவரை நடைமுறையில் உதவுவது ஐசிஎம்ஜேஇ விதியிலேயே இருக்கும் இன்னொரு வாசகம்: முதல் நிபந்தனையை நிறைவேற்றிய ஒருவருக்கு மற்ற மூன்றையும் நிறைவேற்ற வாய்ப்புத் தர வேண்டும், வாய்ப்பே தராமல் கழற்றிவிடக் கூடாது. அதைப் பிடித்துக்கொண்டு, 'சார், ஜர்னல் நான்கு நிபந்தனை கேட்கிறது. சிகிச்சைப் பகுதியின் வரைவை அனுப்புகிறேன், 20ஆம் தேதிக்குள் உங்கள் திருத்தம் வேண்டும். நேரமில்லை என்றால் நன்றிப் பகுதியில் உங்கள் வழிகாட்டலைக் குறிப்பிடுகிறேன்' என்று எழுதலாம். உண்மையில் பங்கேற்க விரும்புபவர் சிவப்பு மையோடு திருப்பி அனுப்புவார். விருப்பமில்லாதவர் தாமாகவே நன்றிப் பகுதிக்கு நகர்ந்துவிடுவார். எல்லா இடத்திலும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முடிவு உங்களுடையதாக இல்லாமல் விதியுடையதாகத் தெரியும். இளையவருக்கு அது பெரிய பாதுகாப்பு.

பெயர்களின் வரிசையை ஐசிஎம்ஜேஇ தீர்மானிப்பதில்லை, குழுவே பேசி முடிவெடுக்க வேண்டும். முதல் கூட்டத்திலேயே பேசுங்கள். பேசியதை அன்றைக்கே ஒரு மெயிலாக எல்லோருக்கும் அனுப்புங்கள்: 'இன்று பேசியபடி வரிசை இது, பொறுப்பு இது, வேலைப் பங்கு மாறினால் வரிசையையும் மீண்டும் பேசுவோம்.' வாய்ப்பேச்சை ஒன்றரை வருடம் கழித்து யாரும் ஒரே மாதிரி நினைவு வைத்திருப்பதில்லை.

அப்புறம் பங்களிப்புக் குறிப்பு. யார் என்ன செய்தார் என்று குறிக்கும் கிரெடிட் (CRediT) என்ற வகைப்பாட்டில் 14 பங்குகள் உண்டு. அவற்றில் சில, உதாரணமாக ஆய்வகப் பொருட்களை வழங்குதல், மீளாய்வுக்குப் பெரும்பாலும் பொருந்தாது; காலியாக விடலாம். குறிப்பு இப்படி இருக்கும்:

'க.மு.: கருத்துருவாக்கம், தேடல் உத்தி, முதல் வரைவு. ச.ர.: ஆய்வுத் தேர்வு, தரவு எடுத்தல், திருத்தம். பா.வே.: ஆய்வுத் தேர்வு, தர மதிப்பீடு, திருத்தம், மேற்பார்வை. மூவரும் இறுதி வடிவத்தை ஒப்புக்கொண்டனர்.'

இதை எழுதும்போதே யாருக்காவது 'மேற்பார்வை' என்ற ஒரு சொல்லைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை என்றால், அவர் பெயர் பட்டியலில் ஏன் இருக்கிறது என்ற கேள்வி தானாக எழும்.

படி 3: பெயர் வராமல் எழுதியவர்கள், மனிதரும் இயந்திரமும்

தொழில்முறை மருத்துவ எழுத்தாளரின் உதவியைப் பெறுவது தவறில்லை. மறைப்பதுதான் தவறு. அவர் நான்கு நிபந்தனைகளையும் நிறைவேற்றினால் கட்டுரையாளர். இல்லையென்றால் நன்றிப் பகுதியில் அவர் பெயர், என்ன செய்தார், அவருக்குப் பணம் கொடுத்தது யார் ஆகிய மூன்றும் வர வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

மருந்து நிறுவனத்தின் சார்பில் ஒருவர் வந்து, 'வரைவு தயாராக இருக்கிறது, பார்த்துத் திருத்தி உங்கள் பெயரில் அனுப்பினால் போதும்' என்றால் மறுத்துவிடுங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் மருந்துகளுக்காக வைத் நிறுவனம் இப்படித்தான் ஓர் எழுத்து நிறுவனத்தை வைத்து மீளாய்வுகளைத் தயாரித்தது. வழக்கு ஆவணங்கள் 2009இல் பொதுவெளிக்கு வந்தபோது, பெயர் கொடுத்தவர்களும் சேர்ந்தே வெளியே வந்தார்கள்.

சாட்ஜிபிடி போன்ற கருவிகள் கட்டுரையாளராக முடியாது. கேள்வி வந்தால் பொறுப்பேற்க அவற்றால் ஆகாது என்பதே காரணம். 2023இல் ஐசிஎம்ஜேஇ இதை விதியாகவே சேர்த்தது. நடையைச் சீராக்கப் பயன்படுத்தினால் நன்றிப் பகுதியிலும், தரவை எடுக்கவோ அலசவோ படம் வரையவோ பயன்படுத்தினால் முறைகள் பகுதியிலும் சொல்ல வேண்டும். 'ஏஐ உதவி பெறப்பட்டது' என்று மொட்டையாக எழுதாமல், எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, எந்த வேலைக்கு என்று எழுதுங்கள். மீளாய்வுக்கு என்று தனியாக ஓர் எச்சரிக்கை உண்டு. இந்தக் கருவிகள் இல்லாத கட்டுரைக்கும் அழகான மேற்கோள் தயாரித்துக் கொடுக்கும். ஒவ்வொரு மேற்கோளையும் யாராவது ஒருவர் திறந்து, நாம் சொல்லும் விஷயம் உள்ளே இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

படி 4: நலன் வெளிப்பாடு

ஐசிஎம்ஜேஇ படிவத்தில் 13 இனங்கள். முதல் இனம் இந்தக் கட்டுரைக்கென்றே கிடைத்த ஆதரவு. திட்டமிட ஆரம்பித்த நாளிலிருந்து எல்லாம் வரும், காலக்கெடு கிடையாது. மற்றவற்றுக்குக் கடந்த 36 மாதங்கள்: ஆய்வு நிதி, ராயல்டி, ஆலோசனைக் கட்டணம், விரிவுரைக் கட்டணம், நீதிமன்ற நிபுணர் சாட்சியத்துக்கான கட்டணம், பயணச் செலவு, காப்புரிமை, பாதுகாப்புக் கண்காணிப்புக் குழுவிலோ ஆலோசனைக் குழுவிலோ இடம், சங்கப் பொறுப்புகள், பங்குகள், இலவசமாகக் கிடைத்த கருவி அல்லது மருந்து, பிற.

ஒவ்வொருவரும் தனக்கான படிவத்தைத் தானே நிரப்ப வேண்டும். 'எல்லோருக்கும் நானே போட்டுவிடுகிறேன்' என்று கரஸ்பாண்டிங் ஆத்தர் (ஜர்னலோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கும் கட்டுரையாளர்) நிரப்பி அனுப்புவது பரவலாக நடக்கிறது. மற்றவரின் வங்கிக் கணக்கு உங்களுக்கு எப்படித் தெரியும்?

நானே சறுக்கிய இடம் ஒன்று உண்டு. ஒரு நிறுவனம் மாநாட்டுக்குப் போக விமானக் கட்டணமும் தங்கும் அறையும் கொடுத்திருந்தது. என் கைக்குப் பணம் வராததால் அதை வருமானமாகவே நினைக்கவில்லை. படிவத்தில் 'இல்லை' என்று டிக் அடித்தேன். திருத்தப் பதிப்பு அனுப்பும் சமயத்தில் மாநாட்டுச் சான்றிதழ் ஒன்றைத் தேடப் போய், பழைய மெயிலில் அந்த டிக்கெட் கண்ணில் பட்டது. எடிட்டருக்கு எழுதினேன். 'சொன்னதற்கு நன்றி, புதுப் படிவம் இணையுங்கள்' என்று ஒரே வரி பதில். அதற்குப் பிறகு ஒரு விரிதாள் வைத்திருக்கிறேன்: தேதி, நிறுவனம், எதற்கு, பணம் எனக்கா என் நிறுவனத்துக்கா. படிவமும் கடைசிக் கேள்வியைத் தனியாகக் கேட்கும் என்பதால் விரிதாளில் அந்த நெடுவரிசை முக்கியம்.

எது பொருத்தமானது என்ற தீர்ப்பை நீங்கள் எடுக்க வேண்டாம். இந்த மருந்தோடு சம்பந்தமில்லாத நிறுவனம் என்று நீங்கள் நினைப்பது, அதன் போட்டி மருந்தைத் தயாரிப்பதாக இருக்கலாம். சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது. ஐசிஎம்ஜேஇயின் இப்போதைய படிவம்கூட உறவுகளையும் செயல்பாடுகளையும்தான் கேட்கிறது, அவற்றுக்குத் தீர்ப்பு எழுதச் சொல்லவில்லை. மறைத்தால் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. அமெரிக்காவில் மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களுக்குக் கொடுத்த தொகை 2014 முதல் ஓபன் பேமென்ட்ஸ் என்ற பொதுத் தளத்தில் இருக்கிறது. பெயரைத் தட்டினால் போதும்.

கட்டுரையில் அச்சாகும் வாசகத்தில் 'சில நிறுவனங்களோடு தொடர்பு உண்டு' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. இப்படி எழுதுங்கள்:

'ச.ர., இக்கட்டுரையில் பேசப்படும் இரண்டாவது மருந்தைத் தயாரிக்கும் இன்ன நிறுவனத்திடம் 2023, 2024 ஆண்டுகளில் விரிவுரைக் கட்டணம் பெற்றார். 2024 மாநாட்டுப் பயணச் செலவை அதே நிறுவனம் ஏற்றது. பா.வே. பணிபுரியும் துறைக்கு அந்நிறுவனம் ஆய்வு நிதி அளித்துள்ளது. க.மு.வுக்கு அறிவிக்க எதுவும் இல்லை.'

பணம் சாராத நலனும் உண்டு. மீளாய்வில் அதன் கூர்மையான வடிவம், நீங்கள் செய்த ஆய்வையே நீங்கள் எடைபோடுவது. முறையான மீளாய்வில் சேர்க்கப்பட்ட 18 ஆய்வுகளில் 2 உங்களுடையவை என்றால், அந்த இரண்டுக்கும் தரவு எடுப்பதையும் தர மதிப்பீட்டையும் குழுவில் வேறிருவரிடம் விடுங்கள். விட்டதை முறைகள் பகுதியில் ஒரு வரியாகச் சொல்லுங்கள். கதைபோக்கு மீளாய்வில் (அப்படி வகுத்த முறை இல்லாமல் எழுத்தாளர் பார்வையில் சொல்லிச் செல்வது) பிரித்துக் கொடுக்க வழியில்லாவிட்டாலும், 'மேற்கோள் காட்டப்பட்டவற்றில் இன்னின்னவை எங்கள் குழுவின் ஆய்வுகள்' என்று சொல்லலாமே. சொல்பவர்கள் குறைவு என்பது வேறு விஷயம்.

படி 5: நிதி, நன்றி, அனுமதி

நிதி வாசகத்தில் இரண்டு செய்தி வேண்டும்: யார் கொடுத்தார்கள், கட்டுரையில் அவர்களுக்கு என்ன பங்கு. தலைப்பைத் தேர்ந்தெடுத்ததிலும், எழுதியதிலும், வெளியிட முடிவெடுத்ததிலும் நிதி கொடுத்தவருக்குப் பங்கில்லை என்றால் அதையும் எழுதுங்கள். நிதியே இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், இடத்தைக் காலியாக விடாதீர்கள். முறையான மீளாய்வில் எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று வகுக்கும் பிரிஸ்மா 2020 பட்டியலின் 27 இனங்களில் ஆதரவுக்கு ஒன்றும் நலன் முரணுக்கு ஒன்றும் தனித்தனியாக உண்டு.

நன்றிப் பகுதியில் பெயர் வருபவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கட்டுரையின் முடிவை அவரும் ஆமோதிப்பதாக வாசகர் எடுத்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. வேறு கட்டுரையின் படத்தை எடுத்துப் போட்டால் பதிப்பாளரின் அனுமதி; கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்றால் எந்த வகை என்று பாருங்கள், சிலவற்றில் மாற்றி வரைய அனுமதி கிடையாது.

படி 6: அனுப்பும் நாள்

எழுதியவர் யார் என்று பரிசீலகருக்குத் தெரியாத, பெயர் மறைத்த பரிசீலனை என்றால் பெயர், நன்றி, நிதி, நலன் வெளிப்பாடு எல்லாம் தலைப்புப் பக்கம் என்ற தனிக் கோப்புக்குப் போக வேண்டும். வேர்ட் கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் அழியுங்கள். 'நாங்கள் முன்பு காட்டியபடி' என்ற வாசகமும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒவ்வொருவரின் ஆர்கிட் (ORCID) எண்ணையும், அதாவது ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணையும், பெயரை அவர் எப்படி எழுத விரும்புகிறார் என்பதையும் அவரிடமே கேளுங்கள். முதலெழுத்து முன்னாலா பின்னாலா, தந்தை பெயர் எந்தக் கட்டத்தில் என்ற குழப்பம் தமிழ்ப் பெயர்களில் நிறைய. தவறாகப் போனால் ஒருவரே இரண்டு ஆட்களாகத் தரவுத்தளங்களில் உலவுவார். கடைசியாக, ஏற்றப்போகும் அதே பிடிஎஃப்பை எல்லோருக்கும் அனுப்பி, 'இந்த வடிவத்துக்குச் சம்மதம்' என்ற பதில் மெயிலை வாங்கிச் சேமியுங்கள். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படி 7: அனுப்பிய பிறகு மாற்றம் வந்தால்

திருத்தத்தின்போது புதிதாக ஒருவர் சேர்ந்து உண்மையிலேயே ஒரு பகுதியை எழுதினால் பெயர் சேர்க்கலாம். எடிட்டர் காரணம் கேட்பார். பட்டியலில் இருக்கும் எல்லோரும், சேர்பவர் அல்லது நீங்குபவர் உட்பட, கையெழுத்திட்டுச் சம்மதிக்க வேண்டும். கட்டுரை ஏற்கப்பட்ட மறுநாள் புதுப் பெயர் முளைத்தால் எந்த எடிட்டரும் சந்தேகப்படுவார். பெயர்ச் சண்டையில் யார் சொல்வது சரி என்று ஜர்னல் தீர்ப்புச் சொல்லாது. வெளியீட்டு நெறிமுறைக்கான கோப் அமைப்பின் வழிமுறைப்படி, பெரும்பாலும் நீங்கள் பணிபுரியும் நிறுவனத்துக்கே பிரச்சினை திரும்பி வரும். அப்போது படி 2இல் அனுப்பிய அந்த மெயில் கைகொடுக்கும்.

பரிசீலனை எட்டு மாதம் இழுத்தால், இடையில் கிடைத்த ஆலோசனைக் கட்டணமும் சேர வேண்டும். திருத்தப் பதிப்பு அனுப்பும் ஒவ்வொரு முறையும் படிவத்தைப் புதுப்பித்துக் கேளுங்கள்.

அச்சான பிறகு விட்டுப்போனது நினைவுக்கு வந்தால், யாராவது கேட்கும்வரை காத்திருக்காமல் எடிட்டருக்கு எழுதுங்கள். என்ன விட்டுப்போனது, எந்தக் காலத்தைச் சேர்ந்தது, திருத்திய வாசகம் என்ன என்ற மூன்றும் மெயிலில் இருக்க வேண்டும். மற்ற கட்டுரையாளர்கள் நகலில் இருக்க வேண்டும். ஜர்னல் ஒரு திருத்தக் குறிப்பு வெளியிட்டு அதை அசல் கட்டுரையோடு இணைக்கும்.